நிற்காத மோட்டார்

குன்னூரிலிருந்து சேலாஸ் போகிற ரோட்டில், மூடிப்போன ஒரு டீ ஃபேக்டரியின் தொழிலாளர் லைன் வீட்டில் சபாபதி என்று ஒரு ஃபிட்டர் இருந்தான். பெரிய ஆள் இல்லை. பேப்பரில் பேர் வந்ததில்லை. ஆனால் அவன் கை வைத்த மோட்டார் நின்றதில்லை என்று அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ஒரு பேர்தான் அவன் சம்பாதித்தது. அதையும் அவனே தன் கையால் எப்படித் தொலைத்தான் என்பதுதான் கதை.

சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம். ஆறாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு, பதினாறு வயதில் தாய்மாமனோடு மலையேறினான். ஃபேக்டரியில் எண்ணெய்க் கேன் தூக்கினான். இலை வாட்டுகிற காற்றாடி, இலை உருட்டுகிற ரோலர், காய வைக்கிற டிரையர் என்று ஒவ்வொன்றின் சத்தத்தையும் காதால் படித்தான். தூக்கத்தில் காற்றாடி சத்தம் மாறினால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். சீசனில் இலை மலையாய்க் குவிந்து கிடக்கும்போது ஒரு மணி நேரம் மிஷின் நின்றாலும் அத்தனை இலையும் சூடேறிக் குப்பையாகிவிடும். இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு நாளும் ஆனதில்லை.

பெண்டாட்டி வேலாமணி. புளியம்பட்டிக்காரி. இலை பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது, எட்டு மாதம் இருந்தது. ஒரு ஆடி மழையில் குழந்தைக்குக் காய்ச்சல். ரோட்டில் மண் சரிந்து பஸ் இல்லை. டிஸ்பென்சரியில் கொடுத்த சிரப்பை வேலாமணிதான் சங்கில் ஊற்றிப் புகட்டினாள். விடியும்போது குழந்தை இல்லை. சிரப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று கம்பவுண்டர் தலையில் அடித்துச் சொன்னார். அவள் காதில் ஏறவில்லை. அதற்கப்புறம் அவள் யாருக்கும் தன் கையால் மருந்து கொடுத்ததில்லை. சபாபதிக்குத் தலைவலி என்றால் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள், தண்ணீர் வைப்பாள். மாத்திரையைப் பிதுக்கி எடுக்க வேண்டியது அவன்தான். இதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினான்கில் தேயிலை விலை விழுந்த வேகத்தில், இலை பறிக்கிற கூலிக்குக்கூட இலையின் விலை கட்டவில்லை. சிறு தோட்டக்காரர்கள் பறிக்காமலே விட்டார்கள். செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடானது. இலை வராத ஃபேக்டரியை முதலாளி பூட்டினார். மிஷின் துருப்பிடிக்காமல் வாரம் ஒரு தடவை சுற்றி விடு, அதற்கு வீட்டில் இருந்துகொள் என்று சபாபதிக்கு மட்டும் ஒரு தயவு காட்டினார். வேலாமணிக்கு அந்தத் தயவும் இல்லை. தை மாதம், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஒரு காலையில், அக்கா இருக்கிற திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பினாள்.

பஸ்ஸில் ஏறும்போது கேட்டாள். "ஏனுங்க, நீங்களும் வந்துட்டா என்னுங்க? அங்க மெக்கானிக் வேலைக்கு ஆள் கேக்குறாங்கல்ல?"

"பஞ்சுத் தூசி நமக்கு ஆகாது அம்மிணி. ரெண்டு நாளைக்கே இளைப்பு வந்துரும். நீ போ. ஆடிக்குள்ள உன்னயத் திருப்பிக் கூப்பிடறேன். இங்கயே ஏதாச்சும் ஓட்டிக் காட்டறேன்."

"எதைங்க ஓட்டுவீங்க? இலையில்லாத ஃபேக்டரியவா?"

 பஸ் கிளம்பிவிட்டது.

அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு மாதம் கழித்து அவிநாசிப் பக்கம் கிடைத்தது. ஒரு தோட்டத்தில் மோட்டார் மாட்டிக் கொடுக்கப் போயிருந்தான். அங்கே தொட்டியில் மீன், மேலே ஜல்லி நிரப்பின பாத்தியில் கீரை. மண்ணே இல்லை. மீன் கழிக்கிற அழுக்குத் தண்ணீர் ஜல்லிக்கு ஏறுகிறது. ஜல்லியில் கண்ணுக்குத் தெரியாத கிருமி குடியிருந்து அந்த அழுக்கை உரமாக்குகிறது. வேர் அதைச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரைச் சுத்தமாக்கித் திரும்ப மீனுக்கு அனுப்புகிறது. ஒரே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அதைச் சுற்ற வைப்பது ஒரு சின்ன மோட்டார். சபாபதி மோட்டாருக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தான். மோட்டார் நிற்காத வரைக்கும் எல்லாம் உயிரோடு இருக்கும் என்று புரிந்தது. அப்படியானால் இது தன் வேலை.

தோட்டக்காரர் இரண்டே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். "அவசரப்பட்டு மீனை விட்றாதீங்க, கிருமி குடியேற மாசக்கணக்காகும். இன்னொண்ணு, செம்பு, பித்தளை எதுவும் தண்ணியில படக்கூடாது. உங்க மலைத் தண்ணியில உப்பே இல்ல. அதுல துளி செம்பு கரைஞ்சாலும் மீன் பொழைக்காது."

இடம் கிடைத்தது சில்வஸ்டரிடம். அருவங்காட்டு வெடிமருந்து ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவர். அரை ஏக்கர் தேயிலைக்கு நடுவில், கார்னேஷன் பூ வளர்க்கிறேன் என்று பிளாஸ்டிக் கூரை போட்டு ஒரு பசுமைக்குடில் கட்டி, இரண்டே வருஷத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்.

"சும்மாதான் கிடக்குது சபாபதி. பாம்பு குடியிருக்கறதுக்கு மீன் குடியிருந்துட்டுப் போகட்டும். மூலையில என் ஸ்ப்ரேயரும் மருந்துப் பொட்டலமும் இருக்கும், அது மட்டும் அங்கயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

டிரையர் சூட்டைக் குறிக்கிற பழைய சார்ட்டின் பின்பக்கத்தில் சபாபதி படம் போட்டான். மீனுக்கு ஒரு குழி, ஒரு கசடு டிரம், மூன்று பாத்தி, போகிற பைப், வருகிற பைப். பாத்திக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது ஃபேக்டரி மேல்மாடி ஞாபகம் வந்தது. அங்கே இலை வாட்டுகிற நீளப் பலகைத் தொட்டிகள் காலியாய்க் கிடந்தன. முதலாளியிடம் போனில் கேட்டான். "எடுத்துக்கோ, எலி ஓடறதுக்குப் பதிலா நீ எடுத்துக்கோ" என்றார். டிரையர் ஓட்டிக்கொண்டிருந்த மோசஸும் இவனுமாகப் பலகையைக் கழற்றித் தோளில் சுமந்து இறக்கினார்கள். உள்ளே தார்ப்பாய் விரித்தார்கள். ஜல்லியில் நாலைந்து கல் எடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தான் சபாபதி. நுரைத்தால் சுண்ணாம்புக் கல், அது ஆகாது. நுரைக்கவில்லை. ஒரு லோடு ஜல்லியையும் கூடை கூடையாக ஓடைத் தண்ணீரில் அலசினான்.

"யோவ் சபா, கல்லுக்கு எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் குளிப்பாட்டறவனை இப்பதான்யா பாக்கறேன்" என்றான் மோசஸ். "பூ வெச்சுப் பொட்டும் வெச்சிரு."

"வாயை மூடிட்டு அந்த வால்வைக் கழட்டு. பித்தளை ஆகாது. பிளாஸ்டிக் போடு."

"நல்ல வால்வுய்யா. வெள்ளைக்காரன் காலத்துது. நானெல்லாம் பித்தளைச் செம்புல தண்ணி குடிச்சு வளர்ந்தவன், நான் சாகல, உன் மீன் செத்துருமா?"

"நீ எதுக்கும் சாக மாட்டே. மீன் செத்துரும்."

ரொம்பச் சோதித்தது, பாத்தியில் தண்ணீர் நிரம்பினதும் தானாக வடிகிற பைப் வேலைதான். உள்ளே ஒரு குழாய், அதற்கு மேல் மூடி போட்ட இன்னொரு குழாய். தண்ணீர் விளிம்புக்கு வந்ததும் உறிஞ்சி இழுத்து ஒரே மூச்சில் வடிய வேண்டும். சுலபம் மாதிரி இருக்கும். இழுக்க ஆரம்பித்தால் நிற்காது, நின்றால் இழுக்காது. மூடியை ஒரு நூல் அளவு அறுத்து, தேய்த்து, மறுபடி மாட்டி, மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினான். ஒரு நாள் சாயங்காலம் கடகடவென்று வாய் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு பாத்தி வடிந்தது. கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் அதே சத்தம். சபாபதி திருப்பூருக்குப் போன் போட்டு, ஒன்றும் பேசாமல் போனைப் பாத்திக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"என்னுங்க சத்தம்? யாராச்சும் வாந்தி எடுக்குறாங்களா?"

அவன் சிரித்தான். வேலாமணியும் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அதற்கப்புறம் தினமும் போனில் எல்லாம் சொன்னான். மழை விட்ட ஒரு சித்திரைக் காலையில் பவானிசாகரிலிருந்து விரல் நீளக் கெண்டைக் குஞ்சு நானூறு வந்ததைச் சொன்னான். குளிர் தாங்குகிற சாதி அது என்று சொன்னான். கரண்ட் போனால் பழைய லாரி பேட்டரியில் மோட்டார் ஓடுகிற மாதிரி செய்து வைத்திருப்பதை, "என் மோட்டார் எமனுக்கும் நிக்காது" என்று சொன்னான். லெட்யூஸ் கீரை துளிர்த்ததையும், குன்னூரில் ஒரு ஹோட்டல்காரர் இலையைப் பிய்த்துத் தின்று பார்த்துவிட்டு வாரா வாரம் கொண்டு வா என்றதையும் சொன்னான். எல்லாம் சொன்னவன், செம்பு ஆகாது என்கிற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு அது எதற்கு என்று நினைத்திருப்பான். நினைக்கக்கூட இல்லை என்பதுதான் நிஜம்.

ஆடிப் பதினெட்டு அந்த வருஷம் திங்கட்கிழமை வந்தது. சனிக்கிழமை மத்தியானமே வேலாமணி வந்து இறங்கினாள். கம்பெனியில் அவளை செக்கிங் சூப்பர்வைசர் ஆக்குகிறோம், தங்க ரூமும் தருகிறோம், செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல் என்றிருந்தார்கள். பதிலை இங்கே வந்து பார்த்துவிட்டுச் சொல்வதாக வந்திருந்தாள்.

குடிலுக்குள் வந்தவள் வாசலிலேயே நின்றாள். வெளியே பனிமூட்டத்தில் பத்தடி தெரியவில்லை. உள்ளே மூன்று பாத்தியிலும் பச்சை. குழியில் மீன்கள் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்து, ஆள் நிழல் பட்டதும் தீனிக்காக வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன.

"ஆருக்குங்க இது வாயத் தொறக்குது?"

"உனக்குத்தான். போடு."

ஒரு பிடி தீனியை எடுத்தவள், போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் போட்டாள். மீன்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நான் செவ்வாய்க்கிழமை போயிக் கணக்கு முடிச்சுட்டு வந்தர்றனுங்க. ரூமும் வேண்டாம், சூப்பர்வைசரும் வேண்டாம். இந்த ஆடிக்கு ஆத்துக்குப் போவக்கூட வேண்டாம். இதுதான் நமக்குப் பவானி. திங்கக்கிழமை காலைல இங்கயே பூவுடலாம்."

 சபாபதி மோட்டாரின் மேல் கையை வைத்தான். நடுக்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்கு லெட்யூஸ் கொடுக்க வேண்டும். மீன் தீனியும் வாங்க வேண்டும். அவன் காலை பஸ்ஸில் குன்னூர் போனான். மத்தியானம் திரும்பி வந்து குடிலுக்குள் கால் வைத்ததும் மூக்கில் அந்த வாசம் ஏறியது. தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் பழகின வாசம்.

வேலாமணி முதுகில் சில்வஸ்டரின் ஸ்ப்ரேயரோடு நின்றாள். இலையெல்லாம் நீலம் கலந்த பச்சையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் முகம் சிறு பிள்ளை மாதிரி மலர்ந்திருந்தது.

"நீங்க போனதும் பாத்தனுங்க. இலைக்கு அடியில புள்ளி புள்ளியா உழுந்திருந்துச்சு. இந்தப் பனிக்குத் தேயிலையில கொப்புளம் வருமில்லீங்க, அது மாதிரி. ரெண்டு நாள் உட்டா அத்தனையும் போயிரும். அதான் அடிச்சுட்டேன். மிச்சம் இருந்ததை வேர்ல ஊத்தி ஸ்ப்ரேயர் டேங்கியையும் அங்கயே கழுவீட்டனுங்க, ஒரு சொட்டு வீணாக்குல."

மலையில் தேயிலையோடு வாழ்ந்த யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். பனி இறங்கினால், இலையில் புள்ளி விழுந்தால், அந்த மருந்துதான். அதை விட்டால் வேறு தெரியாது. அந்த மருந்தே செம்புதான் என்பது பொட்டலத்தில் இங்கிலீஷில் எழுதியிருக்கும்.

சபாபதி வாயைத் திறந்தான். அதற்குள் அவள் சொன்னாள்.

"நம்ம பாப்பாக்கு அப்பறம் ஒண்ணுக்கும் நான் கையால மருந்து குடுத்ததில்ல. இன்னைக்கு என்னமோ, அடிச்சரலாமுன்னு தோணுச்சு. அடிச்சுட்டேன்."

கடகடவென்று நடுப்பாத்தி வடிந்தது. வடிந்த தண்ணீர் குழிக்குப் போனது.

சபாபதி திறந்த வாயை மூடிக்கொண்டான். "நல்லது அம்மிணி" என்றான். "தண்ணி மாத்தற நாள் இன்னைக்கு. வாரத்துக்கு ஒருக்கா மாத்தணும். நீயும் ஒரு கை குடு."

பாத்திக்குப் போகிற வால்வை மூடினான். குழித் தண்ணீரை வெளியே இறைத்தான். ஓடையிலிருந்து ஹோஸ் போட்டான், அது போதாமல் இரண்டு பேரும் குடத்தில் சுமந்தார்கள். தண்ணீரின் சில்லிப்பில் கை விறைத்தது. வேலாமணி குடத்தைச் சாய்க்கும்போதெல்லாம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். ஹோட்டல்காரருக்குச் செலரியும் போடலாம், ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை வைக்கலாம், குளிருக்கு வருமா என்று. அவன் உம், உம் என்றான். அவன் கண் மீன்கள் மேல் இருந்தது. அவை வாயை மேலே தூக்கிக்கொண்டு நின்றன.

"பாருங்க, மறுபடி பசிக்குதாட்ட" என்றாள் வேலாமணி.

"ஆமா" என்றான் சபாபதி.

இருட்டினதும் அவளைச் சமைக்க அனுப்பிவிட்டு, ஹோஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தான்.

விடிந்தபோது நானூறும் மிதந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை. வெள்ளை வயிறு மேலே தெரிய, குழி முழுக்க அடை அடையாய். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கமில்லாமல்.

வெளியே பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. இன்னும் நூறு அடி இருக்கும். சபாபதி எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினான். பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு ஒயரை நகத்தாலேயே முறித்துவிட்டான். ஓடுகிற மோட்டாரை அவன் அப்படி நிறுத்தினது வாழ்நாளில் அன்றைக்குத்தான்.

வேலாமணி தலை குளித்து, தட்டில் மஞ்சளும் செவ்வந்திப் பூவுமாக வந்தாள். குழியைப் பார்த்தாள். தட்டு கையிலேயே இருந்தது.

"ஏனுங்க... என்னாச்சுங்க?"

"மோட்டார் நின்னுபோச்சு."

"என்னுங்க சொல்றீங்க?"

"நடுச்சாமத்துல கரண்ட் போயிருக்குது. பேட்டரியும் எடுக்கல. நான் கண்ணசந்துட்டேன். காத்து இல்லாம மூச்சு முட்டிருச்சு."

அவள் மோட்டாரைப் பார்த்தாள். கழற்றின மூடி, முறிந்த ஒயர். அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள், அவன் இதுவரைக்கும் அவளிடம் பொய் சொன்னதில்லை.

தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். ரொம்ப நேரம் அழவில்லை. எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவனோடு சேர்ந்து மீன்களைக் கூடையில் அள்ளினாள். அள்ளிக்கொண்டே சொன்னாள், கோபமில்லாமல்.

"நானூறு உசுருங்க. ஒரு ஒயரை நம்பி. இதை நம்பி நான் எப்படிங்க வேலைய உட்டுட்டு வர்றது?"

மத்தியானம் கடைசிக் கூடையைப் புதைக்க மோசஸ் வந்தான். இலையில் காய்ந்து கிடந்த நீலத்தைத் தொட்டு, விரலை முகர்ந்து, சபாபதியின் முகத்தைப் பார்த்தான்.

"யோவ். மோட்டாராய்யா இது?"

"மோட்டார்தான்."

"சபா..."

"மோட்டார்தான்டா. எவன் கேட்டாலும் மோட்டார்தான்."

மோசஸ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலாமணி திருப்பூர் போய் சூப்பர்வைசர் வேலையை ஒப்புக்கொண்டாள். பாத்தியைக் கொட்டி, ஜல்லியைத் திரும்பக் கழுவி, இன்னொரு தடவை கட்டலாம் என்று சபாபதிக்கு இருந்தது. ஆனால் போனில் அதை எடுத்தபோதெல்லாம் அவள், "மறுபடியும் மோட்டாருங்களா?" என்றுதான் கேட்டாள். கையில் பதில் இருந்தது. சொல்ல முடியவில்லை. புரட்டாசியில் முதலாளி மிஷினை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு அவனும் கீழே இறங்கினான்.

இப்போது அதே பனியன் கம்பெனியில் மெக்கானிக். வாயில் துணி கட்டிக்கொண்டு மிஷின்களுக்கு நடுவே திரிகிறான். சாயங்காலமானால் இளைப்பு வருகிறது. பக்கத்து ரூம்காரர்களிடம் வேலாமணி மலைக் கதை சொல்வாள். "எமனுக்கும் நிக்காதுன்னாரு எங்க ஊட்டுக்காரரு. ஆடி நோம்பியன்னைக்குப் பாத்து நின்னுருச்சு. நானூறு மீனு!" எல்லோரும் இவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ஆமா, நின்னுதான் போச்சு" என்பான்.

போன வாரம் இளைப்பு ஜாஸ்தியானது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேலாமணி தண்ணீர் கொண்டுவந்தாள். அட்டையைக் கீழே வைக்கவில்லை. பிதுக்கி ஒரு மாத்திரையை எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"போட்டுக்குங்க" என்றாள்.

சபாபதி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.